400017-ல் எத்தனை வீடு? ஏணியை எண்ணிப் பார்த்த கதை

கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

நியூஜெர்சியில் இருக்கிறேன். அப்பா பிறந்தது மும்பை தாராவியில். இங்கே எங்கள் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணைத் தட்டினால் எத்தனை பேர், என்ன வயது, குடும்ப வருமானம் எவ்வளவு, சொந்த வீட்டில் எத்தனை பேர், வாடகையில் எத்தனை பேர் என்று ஒரு பக்கம் வந்து விழுகிறது. 400017க்கு அப்படி எங்கே கிடைக்கும்? தேடியதில் ஒருவர் மூன்று லட்சம் பேர் என்கிறார், இன்னொருவர் பத்து லட்சம் என்கிறார். இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? எல்லாரும் ஏழைகள் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒன்றும் இல்லாவிட்டாலும் வாடகை எவ்வளவு என்றாவது யாராவது சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட் 2025, இரவு

கிடைக்காது. இருந்தால் முதலில் நானே பார்த்திருப்பேன். முப்பது வருடம் அந்த எண்ணை விண்ணப்பங்களில் எழுதிக் கை தேய்ந்தவன்.

பின்கோடு தபால்காரருக்காக வந்தது. 1972 ஆகஸ்ட் 15-ல், வேலண்கர் என்ற அதிகாரியின் யோசனை (சமஸ்கிருதத்தில் கவிதை எழுதியவரும்கூட). முதல் 4 மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசப் பக்கம். 400 என்றால் மும்பை. கடைசி 017, எந்தத் தபால் நிலையம் பட்டுவாடா செய்கிறது என்பது. அதற்குள் எத்தனை தலை, என்ன சம்பளம் என்று அந்த எண்ணுக்கு அக்கறை கிடையாது.

மக்கள்தொகைக் கணக்கில் கைக்கு எளிதாகக் கிடைப்பது வார்டு விவரம். தாராவி இருப்பது ஜி நார்த் வார்டில். அதே வார்டில்தான் தாதரும் மாஹிமும் சிவாஜி பார்க்கும். 2011-ல் எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்தை ஒட்டி. சிவாஜி பார்க்கில் கடற்காற்று வாங்கும் ஃபிளாட்டையும் எங்கள் அம்மாவின் பத்துக்குப் பன்னிரண்டு அறையையும் கூட்டி இரண்டால் வகுத்தால், யாருமே குடியிருக்காத ஒரு வீடு வரும். அதுதான் சராசரி.

வருமானமா? நம் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியே கிடையாது. டிவி இருக்கிறதா, ஸ்கூட்டர் இருக்கிறதா, கழிவறை உள்ளேயா வெளியேயா, எத்தனை அறை என்று கேட்பார்கள். சம்பளம் கேட்கமாட்டார்கள்.

4 ஆகஸ்ட்

ஒன்று சொல்ல விட்டுப்போனது. உங்கள் ஊரில் வருவதும் அச்சு அசல் தபால் எண் இல்லை. அதை ஒட்டி வரைந்த ஒரு பரப்புக்கான கணக்கு. வருமானத்தை எல்லாரிடமும் கேட்பதில்லை, மாதிரிக்குச் சிலரைக் கேட்டு ஐந்து வருடத்தைச் சேர்த்து மதிப்பிட்டுப் போடுகிறார்கள். அங்கேயும் உள்ளே இருப்பது மதிப்பீடுதான், ஆனால் டப்பா நன்றாக இருக்கிறது.

6 ஆகஸ்ட்

மூன்று லட்சமா பத்து லட்சமா என்று கேட்டிருந்தீர்கள். கொரோனா நேரத்தில் மாநகராட்சிப் பக்கமிருந்து வந்த செய்திகளில் எட்டரை லட்சம் என்று வந்தது, பரப்பு சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர் என்று. பரப்பே ஆளுக்கு ஆள் மாறும். மாட்டுங்கா லேபர் கேம்ப் பெயரில் மாட்டுங்கா, பேச்சில் தாராவி, கடிதத்தில் பலர் மாட்டுங்காவின் 400019 போடுவார்கள். அவர்களை 17-ல் சேர்ப்பதா வேண்டாமா?

எல்லையைவிடப் பெரிய சிக்கல் எந்த நேரத்தில் எண்ணுவது என்பது. காலை ஆறு மணிக்கு ஒரு கணக்கு வரும், மதியம் இரண்டு மணிக்கு ஒரு கணக்கு, ராத்திரி பன்னிரண்டுக்கு இன்னொன்று. கார்கானாவில், அதாவது சின்னப் பட்டறையில், வேலை செய்து அங்கேயே படுக்கிற பையன்களின் ரேஷன் கார்டு பீகாரில் இருக்கும், வாக்கு உத்தரப் பிரதேசத்தில் இருக்கும், ஆள் எங்கள் தலைக்கு மேல் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். 2020 ஏப்ரல் 1-ல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி. மே மாதம் ஊருக்கு ரயில் விட ஆரம்பித்ததும் எங்கள் கல்லியின் (சந்தின்) மாடிகள் ஒவ்வொன்றாக இருட்டாயின. தையல் மெஷின் சத்தம் இல்லாமல் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மே மாதம் எண்ணியிருந்தால் மூன்று லட்சம்காரர் ஜெயித்திருப்பார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். (நான் இப்போது இருப்பது மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில். அம்மாவும், தனி வீட்டில் அக்காவும் தாராவியிலேயேதான், நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே.) உங்கள் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் எங்கள் கல்லியை மட்டும் எண்ணிப் பார்த்தேன். இதைப் பார்த்துப் பக்கத்துவீட்டு அண்ணாச்சி "என்னலே, சர்வேக்காரன் வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேட்டார்.

தரையில் 19 கதவு. வெளியே சாய்ந்திருக்கும் இரும்பு ஏணி 27. மின்சார மீட்டர் 33.

மூன்றில் எது வீடு? தாராவியைப் பார்க்காதவர்களுக்கு ஏணி விஷயத்தை விளக்கவேண்டும். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா கட்டியது தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதற்குள் உயரம் இருந்ததால் பாதி அளவுக்குப் பலகை அடித்து ஒரு போட்மாலா போட்டார்கள். அதில் நானும் அக்காவும் தூங்கினோம், எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும், அதனால் பரீட்சைக்குக் குப்புறப் படுத்துத்தான் படித்தேன். அப்பா காலத்தில் செங்கல் வைத்து மேலே ஒரு முழு அறை எடுத்தோம். உள்ளே படிக்கட்டு வைத்தால் கால்வாசி அறை அதற்கே போய்விடும். அதனால் வெளியே ஏணி, கிட்டத்தட்ட செங்குத்தாக, பிடித்து ஏற மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுக் கிழவியும் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். இப்போது முதல் மாடியில் சட்டை தைக்கும் கார்கானா, எட்டுப் பையன்கள். அதற்கு மேல் தகரம் போட்ட இன்னொரு அறை, கணவன் மனைவி ஒரு குழந்தை. தரையில் அம்மா. ஒரே நூற்றிருபது சதுர அடி மண்ணில் பன்னிரண்டு பேர்.

இனி யாராவது உங்களிடம் அங்கே ஒரு வீட்டின் பரப்பு இவ்வளவு என்று சொன்னால் எந்த ஏணியில் ஏறி அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

என் தீர்ப்பு: தரைக் கதவையும் ஏணியையும் கூட்டவேண்டும். 19, 27. ஆக 46 வீடு. முடிந்தது.

10 ஆகஸ்ட், ராத்திரி

முடியவில்லை. அரசாங்கக் கணக்கில் குடும்பம் என்பதற்கு இலக்கணமே வேறு. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். கதவும் ஏணியும் அல்ல, அடுப்பு.

அப்படியானால் எங்கள் வீட்டுக் கதையைப் பாருங்கள். மாடியில் இருக்கும் எட்டுப் பையன்களுக்கும் இரண்டு வேளை சமைத்துப் போடுவது எங்கள் அம்மா, மாதக் கணக்கில் காசு. கானாவளி என்பார்கள் இங்கே. ஆக எட்டு பீகார்ப் பையன்களும் திருநெல்வேலி ஜில்லாக்காரியான எங்கள் அம்மாவும் ஒரே அடுப்பு, ஒரே குடும்பம். எனக்குத் தெரியாமல் எட்டுத் தம்பிகள்.

17 ஆகஸ்ட்

போன வாரக் கணக்கு தப்பு. அம்மாவிடம் 46 என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை வகுந்துவிட்டார்கள்.

தரைக் கதவு 19-ல் இரண்டு, கடை. ராத்திரி பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏணி 27-ல் இரண்டு ஒரே கார்கானாவுக்குப் போகிறது, ஒன்றில் ஆள் ஏறும், இன்னொன்றில் சரக்கு இறங்கும். இன்னொரு ஏணி ஏணியே இல்லை, துணி காயப்போடச் சாய்த்து வைத்தது. மூன்று வீட்டில் ஏணி உள்ளே இருக்கிறது, அதை நான் பார்க்கவே இல்லை. ஆக மாடி அறை 28. அதில் ஒன்பது, கார்கானா, அடுப்பு கிடையாது.

அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்ன அடுப்பு: கீழே 17, மேலே 19. மொத்தம் 36. மீட்டர் 33-தானே என்றேன். "சப் மீட்டர்னு ஒண்ணு இருக்கு, நீ டோம்பிவிலி போயி எல்லாத்தயும் மறந்துட்ட" என்றாள் அக்கா. அது உண்மைதான். பதினைந்து வருடம் வெளியே இருந்தால் பிறந்த கல்லியில்கூட விருந்தாளிதான்.

ஆனால் பாருங்கள், 36 அடுப்புக்கு வெளியே ஒன்பது கார்கானாவில் எட்டுப் பேர் பத்துப் பேர் என்று படுத்திருக்கிறார்கள். எண்பது பேருக்குக் குறையாது. அடுப்பே இல்லாதவர்கள். 36 குடும்பத்தை ஐந்தால் பெருக்கினால் 180, இவர்களைச் சேர்த்தால் 260. ஒரே கல்லியில் இவ்வளவு இடைவெளி என்றால் இரண்டரை சதுர கிலோமீட்டரில் மூன்று லட்சம் ஏன் பத்து லட்சம் ஆகாது?

24 ஆகஸ்ட்

வருமானத்துக்கு வருவோம். இதில்தான் இணையத்தில் அதிகம் கதை விடுகிறார்கள்.

தாராவியில் வருடத்துக்கு நூறு கோடி டாலர் புரள்கிறது என்று ஒரு எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. வெளிநாட்டுப் பத்திரிகை, உள்ளூர்ப் பேச்சாளர், எல்லாரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். சும்மா ஒரு கணக்குப் போட்டேன். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 8,500 கோடி. எட்டரை லட்சம் பேர் என்றால் தலைக்கு வருடம் ஒரு லட்சம், மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். மூன்று லட்சம் பேர் என்றால் மாதம் இருபத்து மூவாயிரத்துக்கு மேல். நகர இந்தியாவில் ஒரு ஆள் மாதம் செலவழிப்பது சராசரியாக 6,459 ரூபாய் என்று 2022-23 அரசாங்க நுகர்வுச் செலவு ஆய்வு சொல்கிறது. ஆக அதே நூறு கோடியை வைத்து நாங்கள் சராசரியை ஒட்டிய ஆட்கள் என்றும் சொல்லலாம், பெரிய வசதிக்காரர்கள் என்றும் சொல்லலாம், எத்தனை பேரால் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து.

அதோடு அது வருமானமே இல்லை, புரள்கிற பணம். ஒரு தோல் பை மூவாயிரத்துக்கு விற்றால் தைத்தவன் கைக்கு வருவது பீஸுக்கு இவ்வளவு என்றுதான். தோல், நூல், ஜிப், கடைக்காரன், வாங்கி விற்கிறவன் எல்லாம் அந்த மூவாயிரத்துக்குள் இருக்கிறார்கள். தேரா கம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரித்துத் தூளாக்கி விற்கிறார்களே, அங்கே ஒரே பிளாஸ்டிக் நாலு கை மாறும், நாலு தடவையும் புரண்டதாகக் கணக்கு.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலைச் சொல்கிறேன். இட்லி. எங்கள் பெரியம்மா வீடு. ராத்திரி மாவு ஆட்டி வைத்து, மூன்று மூன்றரைக்கு அடுப்பு பற்றவைத்து, ஆறு மணிக்குப் பெரியப்பா சைக்கிளில் பெரிய அலுமினியப் பாத்திரம், சட்னி, சாம்பார் வாளி, ரப்பர் ஹாரன். பாம் பாம் என்று அடித்துக்கொண்டு தாதர், பரேல் வரைக்கும் போவார். காலை நேரத்தில் மும்பையில் எந்த மூலையில் சைக்கிள் இட்லிக்காரர் நின்றாலும் தமிழில் பேசிப்பாருங்கள், பெரும்பாலும் 17 என்பார். பதினொரு மணிக்குக் காலிப் பாத்திரத்தோடு வருவார். கையில் இருக்கும் காசில் அரிசி, உளுந்து, கேஸ் போக மிச்சம் எவ்வளவு? அவருக்கே தெரியாது. மாவு ஆட்டிய பெரியம்மாவுக்கும், தேங்காய் துருவிய மகளுக்கும் சம்பளம் போட்டால் நஷ்டம் என்றுகூட வரலாம். வீட்டு வாடகையைக் கழிக்கவேண்டுமா? வீடே இட்லித் தொழிற்சாலை, அதில் ராத்திரி படுக்கவும் செய்கிறார்கள். இந்த வீட்டின் மாத வருமானம் என்ன என்று ஒருவர் காகிதத்தோடு வந்து நின்றால் பெரியப்பா ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார், ரேஷன் கார்டு பறிபோகாத எண்ணாகப் பார்த்து.

25 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் நீங்கள் ஏழ்மையை அழகாக்குகிறீர்கள் என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. அதே பெரியப்பாவுக்கு அறுபது வயதில் முழங்கால் போனது, பென்ஷன் கிடையாது, அதையும் எழுதியிருக்கவேண்டும். எங்கள் கல்லியில் தண்ணீர் விடிகாலையில் இரண்டு மணி நேரம், கழிவறைக்கு வரிசை. கணக்கெடுப்பில் கழிவறை வெளியே என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பார்கள். அந்த டிக்குக்குள் அக்கா ஒன்பதாவது மாதத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கயிற்றைப் பிடித்து ஏணியில் இறங்கியது இருக்கிறது.

அழகாக்கவில்லை. எல்லாரும் ஏழையா என்று கேட்டதற்கு ஒரே கூரைக்குக் கீழே யார் யார் என்று சொல்கிறேன். மேலே தகரக் கூரை அறையில் இருப்பவர் பிகேசியில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், பக்கத்து அலுவலகப் பகுதி) ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங். பையன்கள் பீஸ் ரேட். எங்கள் அம்மா? விதவை, படிப்பு ஐந்தாம் வகுப்பு, 120 சதுர அடி, எந்த ஆய்விலும் ஏழைப் பட்டியலில் முதல் பெயர். ஆனால் இரண்டு மாடி வாடகை வருகிறது, கானாவளிக் காசு வருகிறது. மாடியில் இருப்பவனுக்கு எங்கள் அம்மாதான் சேட்டம்மா, முதலாளியம்மா. இதை எழுதியது தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

7 செப்டம்பர்

யார் யார் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டோம். கோலிவாடாவில் மீன்பிடிக்கும் கோலிகள், அவர்கள்தான் ஆதி. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள், இன்னமும் சூளைப் புகை. அப்புறம் தோல் பதனிட வந்த நம் ஆட்கள், பெரும்பாலும் திருநெல்வேலி ஜில்லா. எங்கள் தாத்தா அப்படி வந்தவர்தான். பாந்த்ராவில் ஆடு மாடு அறுக்கும் இடம் எழுபதுகளின் தொடக்கத்தில் தேவனாருக்குப் போனது, பச்சைத்தோல் வேலையும் மெல்லப் போனது, தாத்தா கையில் சுண்ணாம்புத் தழும்பு மட்டும் நின்றது. பிறகு உத்தரப் பிரதேசம், பீகார். இப்போது மெஷினில் உட்காருகிறவர்கள் அநேகமாக அவர்கள்.

தமிழர்கள் மூன்றில் ஒரு பங்கு, பாதி என்றெல்லாம் ஆளாளுக்கு அடித்துவிடுகிறார்கள். தாய்மொழிக் கணக்கு தாராவிக்கென்று தனியாக வருவதில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். பொங்கலன்றைக்கு நைன்ட்டி ஃபீட் ரோட்டில் தெருவெல்லாம் அடுப்பு வைத்துப் பொங்கும்போது பார்த்தால் நாம் மட்டும்தான் இருக்கிறோம் என்று தோன்றும். மறுநாள் காலை பால் வாங்கப் போனால் பத்துப் பேரில் ஒருவர் தமிழ் பேசுவார்.

1966-ல் சிவசேனை தொடங்கியபோது முதல் கோபம் தென்னாட்டுக்காரர்கள் மேல். தாத்தா வேட்டியை மடித்து வைத்துவிட்டுப் பைஜாமாவுக்கு மாறியது அப்போது. கடைசிவரை வெளியே போகும்போது பைஜாமாதான்.

வாழும் தலைமுறைக் கணக்கு ஒன்று: அக்கா மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அவள் மகன் ஆங்கிலப் பள்ளி. என் மகளுக்குத் தமிழ் எழுத வராது. போகட்டும், தலைப்பு வேறு.

8 செப்டம்பர்

இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு முதல் வேலை கிடைத்தபோது ஒரு வங்கியில் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தேன். சம்பளச் சீட்டு சரி, கையெழுத்து சரி. கௌண்டரில் இருந்தவர் முகவரியைப் பார்த்து, "வேறு அட்ரஸ் ஏதும் இருக்கா?" என்றார். மாட்டுங்கா நண்பன் வீட்டு முகவரி, 400019. பத்து நாளில் அட்டை வந்தது. நண்பன் வேலையில்லாமல் இருந்தான்.

கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். "சயான், மும்பை-17" என்று அடித்திருப்பார்கள். சயான் 22. ஊரை மாற்றினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணையும் மாற்றினால் மொய்யனுப்புகிறவர் மணியார்டர் சயானுக்குப் போய்விடுமே!

28 செப்டம்பர்

தாராவியை இடித்துவிட்டுப் புதிதாக வீடு கட்டித் தரும் மறுசீரமைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அரசியல் பேச வரவில்லை. ஆனால் இந்தத் தலைப்போடு நேராகச் சம்பந்தப்பட்டது என்பதால்.

2022 நவம்பரில் 5,069 கோடிக்கு அதானி குழுமம் ஏலம் எடுத்தது. அதற்கு முன் 2004-லிருந்து பேச்சுதான். 2024-ல் வீடு வீடாக சர்வே ஆரம்பித்தது, ட்ரோன்கூட விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் எங்கள் வீடு ஒரு தகரக் கூரை. கூரை ஏறிக் கோழி பிடிக்கிற கதைதான், கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு இருப்பது ட்ரோனுக்கு எப்படித் தெரியும். அதற்காகத்தான் ஆட்களும் நோட்டோடு வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

விதி இதுதான்: 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். 2000-லிருந்து 2011 வரைக்குள் வந்தவருக்கு இரண்டரை லட்சம் கட்டி 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. மாடிக்காரர்களுக்கு வெளியே எங்காவது, வாடகை கொடுத்து மெல்ல வாங்கிக்கொள்கிற முறை. தரை, மாடி. இவ்வளவு நாளாக நான் விளையாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்த ஏணிக்கு இப்போது விலை இருக்கிறது. ஏணியின் கீழ்ப்படியில் இருந்தால் 350, பத்துப் படி ஏறினால் வேறு பின்கோடு.

எங்களிடம் ஆதாரம் இருக்கிறது. 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்து அரிசி டின்னுக்குள் இருக்கும். தாத்தா, பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அம்மா அதில் இல்லை, கல்யாணம் ஆகி வந்தது அதற்குப் பிறகு. அந்தப் படத்தில் இருப்பவர்களில் இன்றைக்கு அந்த வீட்டில் யாரும் இல்லை. வீட்டில் இருக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. சர்வேக்கு வந்த பையன் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறப்புச் சான்றிதழ் கேட்டான்.

தகரக் கூரை வீட்டுப் பெண் அன்றைக்குச் சாயங்காலம் இறங்கி வந்து, "அக்கா, எங்களுக்கு என்ன எழுதியிருக்கான்?" என்று அம்மாவிடம் கேட்டாளாம். அம்மா பதில் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினார்களாம்.

29 செப்டம்பர்

சேட்டம்மா என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேலியாக எழுதியது. நேற்று எழுதியதற்குப் பிறகு கேலியாகத் தெரியவில்லை.

12 அக்டோபர்

சிரிக்க ஒரு விஷயம். இந்த வருடம் தபால் துறை டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நாடு முழுக்க நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து அடையாளம். டோம்பிவிலியில் என் ஃபிளாட்டுக்குள் ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று மாறுகிறது. அம்மா வீட்டில் பார்த்தேன். நாலு மீட்டர் என்றால் பதின்மூன்று அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறை அப்படியே ஒரு கட்டத்துக்குள் அடங்கும், கட்டம் சரியாக விழுந்தால். அந்தப் பத்து எழுத்துக்குள் அம்மா, எட்டுப் பையன்கள், மூன்று பேர் குடும்பம், பதினான்கு தையல் மெஷின். உயரத்துக்கு அதில் எழுத்து கிடையாது. ஏணி மறுபடியும் ஜெயித்துவிட்டது.

(பதினான்கு இல்லை, பன்னிரண்டாம். அக்கா திருத்தினாள். அவளும் இதைப் படிக்கிறாள் போல.)

9 நவம்பர்

நியூஜெர்சித் தம்பி தனியாக எழுதியிருந்தார். அப்பா சொன்ன அடையாளங்கள்: கிராஸ் ரோட்டிலிருந்து உள்ளே, பிள்ளையார் கோயில் தாண்டி, ஒரு வேப்பமரம், எதிரே தண்ணீர்க் குழாய். இதே அடையாளத்தோடு நூறு இடம் இருக்கிறது. அம்மாவிடம் அவர் தாத்தா பெயரையும் ஊரையும் சொன்னேன். பெயர் பிடிபடவில்லை, ஊரைச் சொன்னதும் "தோல் கிடங்குல கணக்கு எழுதுனவரு, மூக்குக்கண்ணாடி" என்றார்கள். அக்காவை அனுப்பிப் பார்த்தாயிற்று. வேப்பமரம் இல்லை. குழாய் இருக்கிறது. வீடு இருக்கிறது, இரண்டு தடவை கை மாறி. ஏணி இரண்டு, இரண்டும் வெளியே.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறித்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் 2026-ல் வீடுகளைப் பட்டியலிடும் வேலை. அதில் எங்கள் கல்லிக்கு 36 வருகிறதா 46 வருகிறதா என்று பார்த்து இங்கேயே எழுதுகிறேன். அதற்குள் கல்லி இருக்கவேண்டும்.

முதல் நாள் கேட்ட கேள்வியில் வாடகை எவ்வளவு என்று ஒன்று இருந்தது, அதற்கு மட்டும் கையில் சரியான பதில் இருக்கிறது. உங்கள் தாத்தா வீட்டின் இரண்டாவது ஏணிக்கு மேலே உள்ள அறை காலியாம். மாதம் 7,500, டெபாசிட் 50,000, தண்ணீர் கீழ்வீட்டில் பிடித்துக்கொள்ளவேண்டும், பதினோரு மாத ஒப்பந்தம். கயிறு புதிதாக மாற்றியிருக்கிறார்களாம்.